கோடு ஏரிக்குள்ளே போகிறது: காரைப் பக்கத்துப் பாறை வரைபடம், உதவி தேவை

சுக்கான்பாறை எழுதியது:

பெரம்பலூர் பக்கம் இருப்பவர்களுக்குக் காரைப் பள்ளங்கள் தெரிந்திருக்கும். புல் பூண்டு இல்லாமல், மழை அறுத்து அறுத்துப் போட்ட களிமண் மேடுகள், வெயிலில் ஜிப்சம் உடைந்த கண்ணாடி மாதிரி மின்னும், குனிந்து தேடினால் துப்பாக்கித் தோட்டா மாதிரி பெலம்னைட் என்ற கடல் உயிரின் புதைபடிவம் கிடைக்கும். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் கடலடியாக இருந்த இடம். இதையெல்லாம் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் போனிலேயே பார்க்கிற மாதிரி, தமிழில், பெரம்பலூர் அரியலூர் இரண்டு மாவட்டத்துக்கும் ஒரு பாறை வரைபடம் செய்யலாம் என்று இறங்கினேன். பழைய 1:50,000 அளவுப் பாறை வரைபடத் தாள் ஒன்றின் ஸ்கேன் கிடைத்தது. இரண்டு மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கோடு கோடாக வரைந்து, நிறம் கொடுத்து, போனில் ஏற்றிக்கொண்டு போன ஞாயிறு காரைக்கு மேற்கே நடந்து பார்த்தேன்.

நான் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி, களிமண் முடியும் கோட்டைத் தாண்டி நைஸ் என்ற கெட்டிப் பாறைக்குள் போய்விட்டது என்று போன் சொல்கிறது. காலடியில் இன்னும் அதே களிமண், அதே ஜிப்சம். ஏறக்குறைய 200 மீட்டர் நடந்த பிறகுதான் வரி வரியாக நைஸ் தலைகாட்டியது. இன்னொரு இடத்தில் கோடு நேராக ஏரிக்குள் இறங்கி அந்தப் பக்கம் ஏறுகிறது. ஏரிக்குள் பாறை எங்கே மாறுகிறது என்று யார் முங்கிப் பார்த்தார்கள்?

வரைபடம் தப்பா, போன் தப்பா, நான் தப்பா?

—

வரைபடக்காரன் எழுதியது:

போன் இல்லை. திறந்த வெளியில் அது ஐந்து பத்து மீட்டருக்கு மேல் பிசகாது. பழைய தாள் என்கிறீர்கள், அதன் ஓரத்து அட்சரேகை தீர்க்கரேகை எண்களை வைத்துத்தானே நாலு மூலையையும் பொருத்தினீர்கள்? பொருத்தும்போது ஆய முறை என்ன என்று கேட்டிருக்குமே, என்ன கொடுத்தீர்கள்?

—

சுக்கான்பாறை எழுதியது:

டபிள்யூஜிஎஸ் 84. எல்லாரும் அதைத்தானே கொடுக்கிறார்கள்.

—

வரைபடக்காரன் எழுதியது:

அதுதான் சார். பழைய இந்தியத் தாள்கள் எவரெஸ்ட் என்ற நீளுருண்டையை வைத்துப் போட்டவை. பூமியின் வடிவத்துக்கு 1830 வாக்கில் போட்ட கணக்கு அது. ஜிபிஎஸ் பயன்படுத்துகிற டபிள்யூஜிஎஸ் 84 வேறு. ஒரே எண்ணைப் போட்டாலும் இரண்டும் தரையில் ஒரே இடத்தைக் காட்டாது. நம்ம பக்கத்தில் கிழக்கு மேற்காக மட்டும் சுமார் 150 மீட்டர் விலகும், மாற்றாமல் போட்டால் எல்லாமே உண்மையான இடத்துக்குக் கிழக்கே போய் உட்காரும். நீங்கள் மேற்கே நடந்தீர்கள், கோடு முன்னாலேயே வந்துவிட்டது, சரியாகப் பொருந்துகிறது பாருங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. தாளில் ரோடு, ஏரிக்கரை, கோயில் எல்லாம் அச்சாகியிருக்கும். அவற்றைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். எல்லாமே ஒரே பக்கம், ஒரே அளவு தள்ளியிருந்தால் டேட்டம், அதாவது இந்த அடிப்படைக் கணக்கின், கோளாறு. ரோடு ஒழுங்காக உட்கார்ந்து பாறைக் கோடு மட்டும் இங்கே கிழக்கே, அங்கே மேற்கே என்று அலைந்தால் அது வரைந்தவர் கை.

2005 வரைபடக் கொள்கைக்குப் பிறகு வந்த பொதுப் பயன்பாட்டுத் தாள்களில் இந்தத் தொல்லை இல்லை, அவை டபிள்யூஜிஎஸ்ஸிலேயே வருகின்றன. பழைய தாள் எடுக்கும் எல்லாரும் ஒரு தடவை இதில் விழுந்து எழுவார்கள். நானும் விழுந்திருக்கிறேன், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு.

—

கேள்விக்குறி எழுதியது:

எதற்கு இந்தப் பாடு? இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பூகோஷ் தளத்தில் பதிவு செய்தால் 50,000 அளவு அடுக்குகளையே இறக்கிக்கொள்ளலாமே. இல்லையென்றால் சென்டினல் செயற்கைக்கோள் படத்தை எடுத்து ஒரு கணினி நிரலிடம் கொடுத்தால் அதுவே பாறை பாறையாகப் பிரித்துவிடும். 2025-லும் ஸ்கேன் மேல் கோடு வரைகிறார்களா?

—

பழைய_டோப்போஷீட் எழுதியது:

பூகோஷ் நல்ல யோசனை, எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். செயற்கைக்கோள் விஷயத்தில்தான் எனக்குச் சண்டை. மேலே இருந்து பார்க்கும் கண் மேலே இருப்பதைத்தான் பார்க்கும். காரையில் மரம் கிடையாது, மண் மூட்டம் கிடையாது, அங்கே படம் நன்றாகப் பேசும். அதே நிரலைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனால் தை மாதம் நெல், ஆனியில் வெடித்த வண்டல். அதற்கடியில் என்ன பாறை என்று அது எப்படிச் சொல்லும்? சென்டினலின் ஒரு கட்டம் பத்து மீட்டர். ஒரு கட்டத்துக்குள் ஒரு புளியமரமும் நிழலும் அடங்கிவிடும்.

கோடு எப்படி வருகிறது என்று சொல்கிறேன், முப்பது வருஷம் இதே வேலை பார்த்தவன். ஒரு 1:50,000 தாள் என்பது பதினைந்து நிமிடத்துக்குப் பதினைந்து நிமிடம், நம்ம ஊர் அட்சரேகையில் பக்கத்துக்கு 27 கிலோமீட்டருக்குச் சற்று மேல், மொத்தம் 750 சதுர கிலோமீட்டருக்குக் குறையாது. அரியலூர் இருக்கும் தாளின் எண் 58 எம்/4, காரைக்கு 58 ஐ/16. இவ்வளவு பரப்பை அங்குலம் அங்குலமாக யாரும் மிதித்ததில்லை. பாறை ஓடும் போக்குக்குக் குறுக்கே ஒரு நடை, கொஞ்சம் தள்ளி இன்னொரு நடை. கையில் சுத்தியல், பிரன்டன் காம்பஸ், லென்ஸ், சுண்ணாம்பா என்று பார்க்க நீர்த்த அமிலக் குப்பி, சுண்ணாம்பு என்றால் பொங்கும். இந்த நடையில் நைஸும் களிமண்ணும் முட்டும் இடம் ஒன்று கிடைக்கும், அடுத்த நடையில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பது யூகம். கண்ணை மூடிக்கொண்டு செய்யும் யூகம் இல்லை. பாறை தெரியாத இடத்தில் கிணறு வெட்டிக் குவித்த மேட்டைக் கிளறுவோம், உழவுசாலில் புரண்ட கல்லைப் பொறுக்குவோம், கரையான் புற்றைக்கூட விட மாட்டோம், அது கீழிருந்து மண்ணை மேலே கொண்டுவந்து வைத்திருக்கும். எத்தனையோ எல்லைக்கோடு யாரோ ஒரு விவசாயி வெட்டிப்போட்ட கிணற்று மண்ணை நம்பித்தான் நிற்கிறது.

அப்புறம் முக்கியமான ஒன்று. பாறையைக் கண்ணால் பார்த்த இடத்தில் முழுக்கோடு போடுவோம். யூகித்த இடத்தில் விட்டு விட்டுப் போடுவோம். ஏரிக்குள் போகிறது என்கிறீர்களே, உங்கள் ஸ்கேனில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், என்ன கோடு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

—

சுக்கான்பாறை எழுதியது:

ஐயா, பார்த்துவிட்டேன். விட்டுவிட்டுப் போட்ட கோடுதான். ஏரிக்குக் கொஞ்சம் தெற்கே ஆரம்பித்து வடக்கே ஒன்றரை கிலோமீட்டர் வரைக்கும் அப்படியே போகிறது. நான் எல்லாவற்றையும் ஒரே முழுக்கோடாக இழுத்து, மூடிய வடிவமாக்கி, நிறத்தை ஊற்றிவிட்டேன். தாளில் “எனக்குச் சரியாகத் தெரியாது” என்று எழுதியிருந்ததை நான் “தெரியும்” என்று மாற்றியிருக்கிறேன்.

—

வரைபடக்காரன் எழுதியது:

இது உங்கள் தப்பு மட்டும் இல்லை, ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பின் சுபாவமே இதுதான். பரப்பாக வரைந்தால் ஓரம் எப்போதும் வெட்டுக்கத்தி மாதிரி இருக்கும். அதனால் பரப்பைத் தனி அடுக்காகவும் எல்லைக்கோட்டைத் தனி அடுக்காகவும் வையுங்கள். கோட்டின் பண்புப் பட்டியலில் “எப்படித் தெரியும்” என்று ஒரு கட்டம் சேருங்கள். பார்த்தது, யூகித்தது, மூடிக்கிடப்பது, இந்த மூன்று போதும். யூகித்ததைப் போனில் மங்கலான பட்டையாகக் காட்டலாம். கூர்மையான கோடு தெரிந்தால்தானே ஆள் 200 மீட்டருக்குச் சண்டை போடுவார்.

அப்புறம் பெரிதாக்கும் விஷயம். 1:50,000 தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். அரை மில்லிமீட்டர் பேனாக் கோடே 25 மீட்டர் அகலம், ஒரு தோட்டமே கோட்டுக்கடியில் ஒளிந்துகொள்ளலாம். மாவட்ட வரைபடங்கள் 1:2,50,000-ல் இருந்தால் ஐந்து மடங்கு. போனில் இரண்டு விரலால் விரித்து விரித்துப் பார்க்கிறவருக்கு இது எதுவும் தெரியாது, படம் பெரிதாகிறது, அதனால் விவரமும் கூடுகிறது என்று நினைத்துக்கொள்வார். ஒரு அளவுக்கு மேல் விரித்தால் அடுக்கு மறைந்துபோகிற மாதிரி வையுங்கள். திட்டுவார்கள், பரவாயில்லை.

—

குன்னூர்க்காரி எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் குன்னூர் பக்கம் பத்து சென்ட் பார்த்திருக்கிறோம். நிலச்சரிவு வரைபடத்தில் அந்த இடம் “குறைந்த வாய்ப்பு” நிறத்தில் வருகிறது, ஆனால் ஒட்டினாற்போல் “நடுத்தரம்”. பாறை வரைபடத்தில் போட்டால் சுற்றுவட்டாரம் முழுக்கச் சார்னோக்கைட் என்று ஒரே நிறம். சார்னோக்கைட் கெட்டிப் பாறை என்கிறார்கள். வாங்கலாமா?

—

பழைய_டோப்போஷீட் எழுதியது:

அம்மா, வாங்கலாமா என்று வரைபடத்தைக் கேட்காதீர்கள், என்னையும் கேட்காதீர்கள். சார்னோக்கைட் கெட்டிதான். முதலில் விவரித்த கல் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல், அது இங்கே பல்லாவரத்துப் பக்கத்திலிருந்து போனது, ஹாலந்து என்ற ஆய்வாளர் சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். முந்நூறு வருஷமாகியும் அந்தக் கல் அப்படியே நிற்கிறது. ஆனால் நீலகிரியில் சரிவது அந்தக் கல் இல்லை, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் மண். அதே சார்னோக்கைட் காலகாலமாக மழையில் ஊறி, மக்கிச் செம்மண்ணாகி, பல மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது. 2009 நவம்பரில் கொட்டிய மழையில் இறங்கியது அதுதான். பாறை வரைபடம் அந்த மண்ணைத் தோலுரித்துவிட்டு அடியில் இருப்பதற்கு நிறம் கொடுக்கிறது. பிரிட்டிஷ் நிலவியல் துறை அடிப்பாறைக்கு ஒரு அடுக்கு, மேல் படிவுக்கு ஒரு அடுக்கு என்று தனித்தனியாகப் போடுகிறது. பார்க்கிறவர் “நான் நிற்பது எதன் மேல்?” என்று கேட்க அது வசதி.

சரிவு வாய்ப்பு வரைபடமும் 1:50,000-ல் போட்டதுதான். ஒரு மலைச்சரிவைப் பற்றி அது பேசும், பத்து சென்ட்டைப் பற்றிப் பேசாது. பத்து சென்ட் என்பது 400 சதுர மீட்டர், தாளில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே ஒரு புள்ளி. நேரில் போங்கள். மேலே யார் மண்ணை வெட்டியிருக்கிறார்கள், மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் மரங்கள் சாய்ந்து வளர்ந்திருக்கின்றனவா, தடுப்புச்சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பொறியாளரையும் கூட்டிப்போங்கள்.

—

குன்னூர்க்காரி எழுதியது:

தடுப்புச்சுவர் வயிறு தள்ளித்தான் இருக்கிறது ஐயா. நன்றி.

—

கேள்விக்குறி எழுதியது:

இதைத்தான் நானும் சொல்கிறேன். வீடு கட்டவும் முடியாது, கிணறு வெட்டவும் முடியாது என்றால் பொதுமக்களுக்கு எதற்கு இந்த வரைபடம்? நிறம் பார்த்து ரசிக்கவா?

—

நிலாவரை எழுதியது:

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு பதில். எங்கள் குடாநாட்டுக்குப் பாறை வரைபடம் என்று எடுத்தால் பெரும்பாலும் ஒரே நிறம்தான், மயோசீன் என்ற புவிக்காலத்துச் சுண்ணாம்புக்கல். பார்த்து ரசிக்கவும் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு நிறம் தெரிந்தாலே விளங்கிவிடும், கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஏன் தூரம் விட வேணும் என்று. வெடிப்பும் பொந்தும் நிறைந்த கல், மேலே ஊற்றினது கீழே போய்ச் சேர அதிக நாள் எடுக்காது. மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதக்கிறது, ஆசைப்பட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறும். நிலாவரைக் கிணற்றிலும் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. ஒரு காணிக்குப் பதில் சொல்லாது, ஒரு ஊருக்குச் சொல்லும். அது பொதுமக்களுக்குத்தானே?

—

ரிக்_வண்டி எழுதியது:

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இன்றைக்குத்தான் கணக்கு ஆரம்பித்தேன். போர்வெல் போடும் வண்டி ஓட்டுகிறேன், பதினெட்டு வருஷம். திருச்செங்கோட்டில் இருந்து வந்த வண்டியில் பையனாகச் சேர்ந்து இன்றைக்குச் சொந்த வண்டி.

பழைய ஐயா கிணற்று மண்மேடு என்றதும் எழுதத் தோன்றியது. இப்போது யார் கிணறு வெட்டுகிறார்கள், எல்லாம் போர்தான். மேட்டுக்குப் பதிலாக எங்கள் நோட்டு இருக்கிறது. அடிக்கு இவ்வளவு என்று காசு வாங்குவதால் அடியை எழுதித்தான் ஆக வேண்டும். கேசிங் பைப்புக்குத் தனிக் காசு, அதனால் அதுவும் இருக்கும். கேசிங் எதற்கு இறக்குகிறோம்? மேல் மண்ணும் மக்கின பாறையும் சரிந்து குழிக்குள் விழாமல் இருக்க. கெட்டிப் பாறை தட்டியதும் நிறுத்திவிடுவோம். அப்படியென்றால் கேசிங் எத்தனை அடியோ அத்தனை அடிக்குக் கீழேதான் பாறை. எந்தப் பில்லை எடுத்தாலும் இது இருக்கும். யாரும் இதைச் சேர்த்து வைத்துப் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

—

பழைய_டோப்போஷீட் எழுதியது:

தம்பி, நீங்கள் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு கெட்டிப்பாறைப் பூமி. அங்கே தண்ணீர் இருப்பது மக்கின மேல் அடுக்கிலும் கீழே வெடிப்பிலும்தான். மக்கின அடுக்கின் கனம் எங்கள் தாளில் கிடையாது, எங்களிடம் அவ்வளவு குழி இல்லை. உங்களிடம் இருக்கிறது. தூள் நிறம் ஏதாவது குறித்து வைப்பீர்களா?

—

ரிக்_வண்டி எழுதியது:

நிறம் எழுத மாட்டோம், வாயில்தான் சொல்லிக்கொள்வோம். வெறும் புகை என்றால் காய்ந்த பாறை. ஈரம் தட்டிற்று, ஒரு இஞ்சு தண்ணீர், ஒன்றரை இஞ்சு என்று அடியோடு எழுதுவோம். வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், வந்தால் எழுதுவோம், துளைக்கும் பிட்டு தேயும், முதலாளிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். முதலாளி இப்போது நான்தான், இருந்தாலும் பழக்கம்.

—

வரைபடக்காரன் எழுதியது:

அண்ணே, தங்கமான தரவு, ஆனால் அப்படியே வெளியில் போட்டுவிடாதீர்கள். இன்னார் தோட்டத்தில் 900 அடி போட்டும் புகை என்று தெரிந்தால் அந்த நிலத்தின் விலை என்ன ஆகும்? தண்ணீர் நிறைய இருக்கிறது என்று தெரிந்தால் அது வேறு வம்பு. பெயரும் சர்வே நம்பரும் வேண்டாம். இடத்தை ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஏதோ ஓரிடம் என்று மழுப்பிவிடலாம், மக்கின அடுக்கின் கனத்துக்கு அந்த அளவு போதும். அனுமதி விஷயத்தில் பயமில்லை, 2021 பிப்ரவரியில் வந்த புவியிடத் தரவு வழிகாட்டுதலுக்குப் பிறகு இந்த மாதிரி வேலைக்கு முன்போலக் கெடுபிடி இல்லை. பழைய தாளின் உரிமை வேறு சங்கதி, சுக்கான்பாறை சார் அதை மட்டும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

—

சுக்கான்பாறை எழுதியது:

டேட்டத்தை மாற்றிப்போட்டு நேற்று மறுபடி நடந்தேன். ரோடு, ஏரிக்கரை, பிள்ளையார் கோயில் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. நைஸ் எல்லை இன்னும் 60 மீட்டர் போல இடிக்கிறது, ஆனால் அது விட்டுவிட்டுப் போட்ட கோட்டுப் பகுதி, தாளில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு மேல் கேட்பது அநியாயம்.

பெயரில்தான் இப்போது சிக்கல். நம்ம ஊட்டத்தூர், பாறைப் பெயராகும்போது ஒரு ஆவணத்தில் உட்டாட்டூர், இன்னொன்றில் உத்தத்தூர், இந்தப் பாறைகளை ஆராய்ந்த பிளான்ஃபோர்டு 1862-ல் எழுதியது இன்னொரு விதம். (அந்த ஆள்தான் பிறகு வானிலைத் துறைக்கு முதல் தலைவராகப் போனார், நம்ம ஊர் வெயிலில் நின்றதாலோ என்னவோ.) தேடினால் பாதி வருகிறது, பாதி வருவதில்லை. நான் ஊர்ப்பெயரை ஊர்க்காரர் சொல்கிறபடி ஊட்டத்தூர் என்றே வைத்து, மற்ற எழுத்துக்கூட்டலைப் பின்னால் ஒளித்துவைக்கப் போகிறேன். கூடவே ஊர்ச்சொல்லுக்கும் ஒரு கட்டம்: சுக்கான், செம்புறாங்கல், ஓடக்கல், வெங்கச்சங்கல். ஆட்டுக்காரர் ஒருவரிடம் போனைக் காட்டி “இது களிமண், ஜிப்சம் உள்ளது” என்றேன். அவர், “காக்காப்பொன் மாதிரி மின்னுமே, அந்தக் காடா?” என்றார். அதையும் சேர்க்க வேண்டும்.

—

பழைய_டோப்போஷீட் எழுதியது:

காக்காப்பொன் என்பது மைக்கா. ஜிப்சத்துக்கு அதைச் சொல்கிறார் என்றால் சொல்லியபடியே குறித்துக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். யார், எந்த ஊரில் சொன்னார் என்று மட்டும் பக்கத்தில் எழுதுங்கள்.

—

ரிக்_வண்டி எழுதியது:

நோட்டில் இருந்து மூன்று குழி, ஊர் பெயர் இல்லாமல், மேற்கிலிருந்து கிழக்காக:

கேசிங் 38 அடி. 140-ல் ஈரம், 265-ல் ஒன்றரை இஞ்சு.
கேசிங் 45 அடி. 410 வரை புகை. நிறுத்தியாச்சு.
கேசிங் 120 அடி போட்டும் மண் சரிவு. பாறை தட்டவில்லை. தண்ணீர் உப்பு. பார்ட்டி பாதிக் காசுதான் கொடுத்தார்.

—

சுக்கான்பாறை எழுதியது:

அண்ணே, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் எவ்வளவு தூரம்?

—

ரிக்_வண்டி எழுதியது:

நடுவில் ஒரு ஏரி. நீங்கள் சொல்கிற ஏரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஞாயிறு வண்டி ஓடாது, காலையில் ஆறு மணிக்குக் கரைக்கு வந்தால் இரண்டு குழியையும் காட்டுகிறேன். ஐயா சொன்ன அந்த அமிலக் குப்பி இருந்தால் எடுத்துவாருங்கள், எனக்கு அது பொங்குவதைப் பார்க்க வேண்டும்.